முன்னாயத்த வகுப்பு ரியூசனாகும்போது: கொழும்பில் ஒரு 12 நாள் வகுப்பின் நிகழ்வு ஆய்வு

2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி கடைசியில்தான் தொடங்கியது. பெறுபேறு செப்டெம்பர் 4ஆம் திகதி வந்தது. அதன் பிறகு வெட்டுப்புள்ளி, விண்ணப்பம், பதிவு என்று மாதங்கள் ஓடின. பெப்ரவரியில் பேனாவை மூடி வைத்த பிள்ளை விரிவுரை மண்டபத்துக்குள் நுழையும்போது தொகையீட்டைத் தொட்டு ஒரு வருடத்துக்கு மேலாகியிருக்கும். கொழும்பில் பல்கலைக்கழகப் புதுமுக மாணவருக்கான முன்னாயத்த வகுப்புகள் முளைப்பது இந்த இடைவெளியில்தான். "சும்மாதானே வீட்டில இருக்கிறான், எங்கேயாவது போகட்டும்" என்று பெற்றோர் அனுப்புகிறார்கள். பழைய மாணவர் சங்கமோ, கோயில் சபையோ, இரண்டு மூன்று பட்டதாரிகளோ சேர்ந்து நடத்துகிறார்கள்.

இங்கே ஆராயப்படும் வகுப்பு எந்த ஒரு தனி நிறுவனத்தினுடையதும் அல்ல. இத்தகைய வகுப்புகள் வழக்கமாக எடுக்கும் வடிவத்தை ஒரே நிகழ்வாகச் சேர்த்து எழுதியிருக்கிறோம். எண்கள் யாவும் திட்டமிடலுக்கான எண்கள்.

வகுப்பு தொடங்கும் விதம்

வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்த ஒரு மாடி மண்டபம். 40 பேர். 12 நாள், நாளுக்கு 4 மணித்தியாலம், மொத்தம் 48. தமிழ்மூலத்தில் கணிதம், உயிரியல் அல்லது வர்த்தகப் பிரிவில் படித்து, ஆங்கிலமூலம் நடக்கும் பீடத்துக்குப் போகிறவர்கள். கொழும்பில் பிறந்தவர் பாதி. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியாப் பக்கமிருந்து வந்து உறவினர் வீட்டிலோ போர்டிங்கிலோ தங்கியிருப்போர் பாதி.

அமைப்பாளர் 48 மணித்தியாலத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: 16 கணிதம், 16 ஆங்கிலம், 16 கணினி. கணிதத்துக்கு வருபவர் பெயர் பெற்ற ரியூசன் ஆசிரியர். முதலாம் செமஸ்டரின் பாடத்திட்டத்தை எங்கிருந்தோ எடுத்து, முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கிவிடுகிறார். ஆங்கில ஆசிரியர் காலங்களிலிருந்து ஆரம்பிக்கிறார். மூன்றாம் வகுப்பிலிருந்து கேட்டுப் புளித்த பாடம். கணினி வகுப்பில் வேர்ட், எக்செல்.

முதல் மூன்று நாள் மண்டபம் நிறைந்திருக்கும். இரண்டாம் நாளே ஒரு கை உயரும்: "சேர், இது சோதனைக்கு வருமா?" அந்தக் கேள்விக்கு ஆசிரியர் "கட்டாயம் வரும், குறித்துக்கொள்ளுங்கோ" என்று பதில் சொன்ன கணத்தில் முன்னாயத்த வகுப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடப்பது ரியூசன்.

ஆறாம் ஏழாம் நாளில் வரவு குறையத் தொடங்கும். ஆர்வக்குறைவு மட்டுமே காரணமல்ல. பீடப் பதிவுக்குப் போகவேண்டியவர்கள் அந்த வாரத்தில் போகிறார்கள். ஒரு நாள் தவறினால் அத்தியாயம் தவறிவிடும், தவறியவர் திரும்பி வர வெட்கப்படுகிறார். பாடத்திட்டத்தைத் தொடராகக் கற்பிக்கும் வகுப்பின் வடிவத்திலேயே உள்ள கோளாறு இது.

உண்மையான சேதம் பிறகுதான் தெரியும். செமஸ்டரின் முதல் மூன்று வாரத்தில் விரிவுரையாளர் சொல்வது ஏற்கெனவே கேட்டதாக இருக்கும். "இது எங்களுக்குச் செய்தாச்சு" என்று மாணவர் பின்வரிசையில் உட்காருவார், ரியூட் தாளை (பயிற்சி வினாத்தாளை) தொடமாட்டார், சில காலை விரிவுரைகளை விட்டும் விடுவார். நான்காம் வாரத்தில் வகுப்பில் செய்யாத பகுதி வரும். அப்போது கேட்டுக் குறிப்பெடுக்கும் பழக்கம் கையில் இருக்காது. முன்னாயத்த வகுப்புக்கே போகாத பச்மேட் (உடன் சேர்ந்த மாணவர்) அதற்குள் மூன்று வாரம் தடுமாறித் தடுமாறியே அதைப் பழகியிருப்பார். கெட்டிக்காரப் பிள்ளைகளே இதில் அதிகம் மாட்டுகிறார்கள். அவர்களுக்குத்தான் 'தெரியும்' என்ற நினைப்பு எளிதில் வரும்.

எங்கே பிழைக்கிறது

உயர்தரத்தில் நல்ல இசட் புள்ளி எடுத்தவருக்குப் பாட அறிவு போதாது என்று எண்ணுவது முதல் பிழை. அறிவு இருக்கிறது, அது பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. பூட்டு இரண்டு: ஒன்று மொழி, மற்றது கடந்தகால வினாத்தாள்.

மொழி என்றதும் எல்லோரும் இலக்கணத்துக்குப் போய்விடுகிறார்கள். தமிழ்மூல மாணவருக்கு முன்னால் உள்ள சிக்கல் அதைவிட விநோதமானது. இலங்கைப் பாடநூலில் அவர் படித்தது தாயம், காவி, தொடை, ஆர்முடுகல். விரிவுரையில் கேட்பது மெற்றிக்ஸ், வெக்ரர், செற், அக்சலரேஷன். விளங்கவில்லை என்று இரவில் யூடியூப்பில் தமிழில் தேடினால் தமிழ்நாட்டு ஆசிரியர் வந்து அணி, திசையன், கணம், முடுக்கம் என்கிறார். ஒரே பொருளுக்கு மூன்று பெயர். இதில் மிகவும் ஆபத்தானது 'நிறை' என்ற சொல். நமது பௌதிகவியலில் திணிவு என்பதே கிலோகிராமில் அளப்பது. நிறை என்பது நியூட்டனில் அளக்கும் விசை. தமிழ்நாட்டுப் பாடநூலில் கிலோகிராமில் அளப்பதற்குப் பெயர் நிறை; விசைக்கு எடை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. காணொளியில் "நிறை" என்று கேட்டு நமது பொருளில் சமன்பாட்டை எழுதினால் புவியீர்ப்பு ஆர்முடுகல் ஒரு தடவை கூடும் அல்லது குறையும். விடை ஏறக்குறைய பத்து மடங்கு பிழைக்கும்.

பெயர்ச்சொற்கள் இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதவை சின்னச் சொற்கள். "எனக் கொள்க", "எனக் காட்டுக", "உய்த்தறிக", "இதிலிருந்து" ஆகிய நாலும் உயர்தர வினாத்தாளில் என்ன செய்யச் சொல்கின்றன என்று மாணவருக்கு நித்திரையிலும் தெரியும். "லெட்", "ஷோ தட்", "டிடியூஸ்", "ஹென்ஸ்" என்று வரும்போது அந்த உடனடி அசைவு இல்லை. "இஃப்", "ஒன்லி இஃப்" இரண்டுக்கும் வேறுபாடு காதில் விழுவதே இல்லை. ஒரு சார்பு வகையிடத்தக்கதாக இருந்தால் அது தொடர்ச்சியானது. மறுதலை உண்மையல்ல, எக்ஸின் மட்டுப் பெறுமானம் பூச்சியத்தில் தொடர்ச்சியாக இருந்தும் அங்கே வகையிட முடியாது. தமிழில் சொன்னால் எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் ஒரு 'ஒன்லி' இடம் மாறினால் பாதிப்பேர் மறுதலையை எழுதிவிடுவார்கள்.

வாக்கிய ஒழுங்கும் சேர்ந்து படுத்துகிறது. கணிதத்தில் எல்லையின் (லிமிட்) வரைவிலக்கணத்தை எடுங்கள். ஆங்கிலத்தில் முதலில் எப்சிலன், பிறகு "ஒரு டெல்டா உண்டு", அதன் பிறகே நிபந்தனை. தமிழில் வினை கடைசியில் வருவதால் நிபந்தனை முழுவதையும் சொல்லி "ஆகுமாறு ஒரு டெல்டா உண்டு" என்று முடிப்போம். சொல்லுக்குச் சொல் மாற்றுகிறவருக்கு எது எதைப் பொறுத்துத் தெரிவுசெய்யப்படுகிறது என்பது கலைந்துபோகும். "ஒவ்வொருவருக்கும் ஒரு கைபேசி உண்டு" என்பதும் "எல்லோருக்குமாக ஒரு கைபேசி உண்டு" என்பதும் வேறு வேறு வீடுகள் அல்லவா. கலைவது அந்த அளவு வேறுபாடு.

இரண்டாவது பூட்டை விளக்கத் தேவையில்லை. பத்து வருட வினாத்தாளும் புள்ளித்திட்டமும் மனப்பாடமான பிள்ளைக்கு வினா எந்த 'ரைப்' என்று அடையாளம் காண்பதே கணிதம். பல்கலைக்கழகத்தில் "நிறுவுக" என்று வரும் வினாவுக்கு ரைப் கிடையாது.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு முன்பு 'ஜெல்ட்' என்ற பெயரில் புதுமுக மாணவருக்கு ஆங்கிலப் பயிற்சி நடத்தியது. இப்போது பீடங்கள் தாமே ஆங்கிலமும் அறிமுக நிகழ்ச்சிகளும் நடத்துகின்றன. தனியார் வகுப்பு அவற்றை இரட்டிப்பதில் பயனில்லை. ஜெர்மனியில் குளிர்கால செமஸ்டருக்கு முன் சில வாரம் நடக்கும் 'ஃபோர்குர்ஸ்' கணித வகுப்புகள் பெரும்பாலும் பள்ளிக்கூடக் கணிதத்தையே திரும்பச் செய்கின்றன. அதில் நமக்கு ஒரு பாடம் உண்டு.

திருத்திய வகுப்பு: 48 மணித்தியாலம் எங்கே போகிறது

அறிகுறித் தேர்வு 2, கணித, விஞ்ஞான மொழி 14, கேட்டலும் குறிப்பெடுத்தலும் 10, பழைய கணிதத்தைத் தூசி தட்டல் 10, பாடநூல் வாசிப்பு 6, நிறுவல் 4, கிரெடிட்டும் விதிகளும் 2. கணினிக்குத் தனி நேரம் இல்லை. பல்கலைக்கழகத்தின் மூடுல் இணையத்தளத்தில் கோப்பு ஏற்றுவதை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் இருபது நிமிடத்தில் காட்டிவிடுவார். வர்த்தகப் பிரிவினர் இருந்தால் நிறுவலுக்கான 4 மணித்தியாலத்தில் அவர்களுக்கு வரைபு, அட்டவணை வாசிப்பைக் கொடுக்கலாம்.

தேர்வைச் சோடியாக வையுங்கள். 10 வினா தமிழில், அதே வகை 10 வினா எண் மாற்றி ஆங்கிலத்தில், ஒவ்வொரு தாளுக்கும் 40 நிமிடம், அடுத்தடுத்த இரண்டு நாள். முதல் நாள் 20 பேர் தமிழ்த் தாளையும் மற்ற 20 பேர் ஆங்கிலத் தாளையும் எழுதி, மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லோரும் தமிழை முதலில் எழுதினால் முதல் நாள் பயிற்சியே ஆங்கிலப் புள்ளியைக் கூட்டிக் காட்டும். பத்தில் குறைந்தது ஆறு சொற்களால் ஆன வினாக்களாக இருக்கட்டும், வெறும் குறியீட்டு வினாவில் மொழி தெரியவராது. தமிழில் சரி, ஆங்கிலத்தில் பிழை என்றால் மொழி. இரண்டிலும் பிழை என்றால் மறதி. தமிழில் பிழைத்து ஆங்கிலத்தில் சரியாக வந்தவரைப் பற்றிக் கவலை வேண்டாம், பெரும்பாலும் கவனக்குறைவு. புள்ளியைச் சுவரில் ஒட்டக்கூடாது. ஒட்டினால் மறுநாள் பத்துப் பேர் வரமாட்டார்கள்.

தூசி தட்டலில் திரும்பத் திரும்ப வரும் பிழைகள் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியவை. பின்னத்தின் தொகுதியில் கூட்டலாக நிற்கும் உறுப்பை பகுதியோடு வெட்டிவிடுவது. 9உம் 16உம் கூட்டினால் 25, வர்க்கமூலம் 5. ஆனால் எழுத்துகளாக வந்தவுடன் தனித்தனியே மூலம் எடுத்து 3 கூட்டல் 4 என்று 7 ஆக்குவது. கூட்டுத்தொகையின் மடக்கையை மடக்கைகளின் கூட்டுத்தொகை என்பது. ஒரு சதுர மீற்றருக்கு 100 சதுர சென்ரிமீற்றர் என்று எழுதுவது; சரியானது 10,000. இவற்றுக்கு ஒரு நாளுக்கு 15 சிறிய கணக்கு, 30 நிமிடம், விடையைப் பக்கத்து மாணவர் திருத்துவது போதும். புதிய பகுதி எதையும் தொடக்கூடாது. ரியூசன் ஆசிரியரின் கை துடிக்கும்; தடுப்பது அமைப்பாளர் வேலை.

மொழிக்கு ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த அட்டைக் குறிப்பேடு). பக்கத்தை நாலு நிரலாகக் கோடிட்டு, பாடநூல் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், தமிழ்நாட்டுச் சொல், கடைசியில் அகன்ற நிரலில் அந்த ஆங்கிலச் சொல் வரும் முழு வாக்கியம். நாளுக்கு 15 சொல், 12 நாளில் 180. முதல் நாளே 300 சொற்களை அச்சிட்டுக் கொடுத்துவிடுவது பரவலான தவறு. அந்தத் தாள் பையின் அடியில் மடிந்து கிடக்கும். 15இல் குறைந்தது 5 சின்னச் சொற்களாக இருக்கவேண்டும். வாக்கிய நிரலை வெறுமையாக விடுகிறவர்கள் சொற்பட்டியலைப் பாடமாக்குகிறார்கள், பயன்படுத்துவதில்லை. ஆகவே மேற்பார்வையாளர் பார்க்கவேண்டியது அந்த நிரலை மட்டுமே.

எல்லையின் வரைவிலக்கணத்தை இருவர் ஆட்டமாக விளையாட வைக்கலாம். சார்பு எக்ஸின் மூன்று மடங்கோடு 1. எக்ஸ் 2ஐ அணுகும்போது எல்லை 7. ஒருவர் எப்சிலனைச் சொல்வார், மற்றவர் டெல்டாவைத் தரவேண்டும். 0.3 என்றால் 0.1. 0.03 என்றால் 0.01. நாலைந்து முறை ஆடியதும் "எப்சிலனின் மூன்றிலொன்று" என்று யாராவது கத்துவார்கள். அதற்குப் பிறகு ஆங்கில வரைவிலக்கணத்தைப் பலகையில் எழுதி, யார் முதலில் பேசினார், யார் பதில் சொன்னார் என்று அம்புக்குறி போடச் சொல்லுங்கள். ஒழுங்கு தலைக்குள் ஏறிவிடும். இதை ஆசிரியரே பலகையில் விளங்கப்படுத்தினால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

கேட்டல் வகுப்பு மண்டபத்தால் கெடுகிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலி வீதியில் 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் ஹோர்ன் அடித்தபடி போகும்போது, தலைக்கு மேல் மின்விசிறி கிறீச்சிடும்போது, கைபேசி ஒலிபெருக்கியில் எதுவும் கேட்காது. கடற்கரைப் பக்க ஒழுங்கைக்குள் ஓர் அறை கிடைத்தால் அதற்கே போங்கள். கிடைக்காவிட்டால் கேட்டலை காலை முதல் பாடவேளைக்கு மாற்றி, வீதிப்பக்க யன்னலைச் சாத்தி, தனி ஒலிபெருக்கியை மண்டபத்தின் நடுவில் வையுங்கள். ஒலிப்பதிவு 8 நிமிடம். விரிவுரைப் பேச்சு நிமிடத்துக்கு 120 முதல் 150 சொல் வரை போகும். கையால் எழுதுவது 25 சொல்லைத் தாண்டுவது கடினம். ஆகவே ஐந்தில் ஒன்றைத்தான் எழுத முடியும், எந்த ஒன்று என்பதைத் தெரிவதே பயிற்சி. முதல் முறை பேனா இல்லாமல் கேட்டு, பிறகு மூன்று வாக்கியத்தில் தமிழில் சொல்லவேண்டும். இரண்டாம் முறை எழுதலாம், பக்கத்தின் இடப்பக்கம் மூன்றிலொரு பங்கு வெறுமையாக. மூன்றாம் முறை அந்த வெற்றிடத்தில் தவறியதை நிரப்பலாம். அமெரிக்கக் காணொளி வேண்டாம். மாணவர் கேட்கப்போவது இலங்கை உச்சரிப்பு ஆங்கிலம். பட்டதாரி ஒருவர் பாடநூலின் இரண்டு பக்கத்தை விளக்கிப் பேசிப் பதிவுசெய்தால் போதும். விரிவுரையாளர் ஒருவரின் பேச்சை அனுமதியில்லாமல் பதிவுசெய்து கொண்டுவருவது வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர் தமிழில் எவ்வளவு பேசலாம் என்பதில் சண்டை வரும். முழு ஆங்கிலம் என்று அடம்பிடித்தால் மலையகத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் வந்த பிள்ளைகள் முதல் நாளே வாய் மூடிவிடுவார்கள். முழுத் தமிழ் என்றால் வகுப்பே வீண். நடைமுறையில் நிற்பது இதுதான்: பலகையில் எழுதுவது எல்லாம் ஆங்கிலம், கேள்வி கேட்பது எந்த மொழியிலும், விளக்கத்தின் கடைசி வாக்கியம் ஆங்கிலம்.

கிரெடிட் கணக்கு

இரண்டு மணித்தியாலம்தான், ஆனால் பெற்றோரையும் அழைக்கலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல்; அதில் விரிவுரை 15. மூன்று கிரெடிட் பாடத்துக்கு 45 மணித்தியாலம் மண்டபத்தில், மீதி 105 மாணவர் கையில். செமஸ்டர் 15 வாரம் என்றால் வாரத்துக்கு 3 விரிவுரை, 7 சுயவேலை. 15 கிரெடிட் எடுத்தால் மொத்தம் 750, வாரத்துக்கு 50. "நாளுக்கு ரெண்டு லெக்சர்தானே, மிச்ச நேரம் பார்ட் ரைம் வேலைக்குப் போகலாம்" என்ற பேச்சு இந்த எண்ணோடு நின்றுவிடும்.

அடுத்து ஜீபிஏ, அதாவது தரப்புள்ளிகளின் சராசரி. மூன்று கிரெடிட் பாடம் ஐந்து. நாலில் பி, ஒன்றில் ஈ. நாலு தடவை 3.0, ஒரு தடவை பூச்சியம்: 2.40. அந்த ஈ ஒரு சி ஆக இருந்திருந்தால் 2.80. பல பீடங்களில் மீண்டும் எழுதிச் சித்தியடைந்தாலும் அதிகபட்சம் சிதான், ஆகவே பிறகு பார்க்கலாம் என்று விட்ட பாடம் பின்னாலேயே வரும். பட்டத்தில் முதல் வகுப்புக்குப் பொதுவாக 3.70, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு 3.30, கீழ்ப்பிரிவுக்கு 3.00. பரீட்சை எழுத 80 வீத வரவு கேட்கும் பீடங்கள் பல. 15 வாரத்தில் வாரமொருமுறை நடக்கும் விரிவுரையில் மூன்றுக்கு மேல் விடமுடியாது. மகாபொல புலமைப்பரிசில் முதல் மாதமே கைக்கு வராது, வீட்டாருக்கு இதையும் சொல்லிவிடுவது நல்லது.

சீனியர்கள்

எட்டுப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர், ஆக ஐவர். இரண்டாம், மூன்றாம் ஆண்டு மாணவரே பொருத்தம்; பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்காததை அவர்களிடம் கேட்பார்கள். ஆனால் பகிடிவதையின் (ராகிங்) முதல் கண்ணி இங்கேயே போடப்படலாம். பெயர்ப் பட்டியலும் தொலைபேசி இலக்கமும் கைமாறும், "அண்ணா என்று கூப்பிடு" என்பதில் தொடங்கும், வளாகத்துக்குள் போனதும் அதே முகம் வாசலில் நிற்கும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. மாணவருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒரே அறையில் வைத்து இதை வாசித்துக்காட்ட வேண்டும். இலக்கங்கள் அமைப்பாளரிடம் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் அமைப்பாளர் மட்டுமே பதிவிடலாம், வகுப்பு முடிந்த அன்றே குழு கலையும். அக்கா, அண்ணா என்று அழைப்பதும் அழைக்காததும் பிள்ளையின் விருப்பம்.

நாட்காட்டி

பீடப் பதிவுத் திகதிகளைப் பார்த்துவிட்டே 12 நாளைக் குறிக்கவேண்டும். போயா நாள் வேண்டாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக 12 மணிக்கு முன் முடியும்படி காலை வகுப்பு. ஆடிவேல் ஊர்வல நாளில் காலி வீதி அடைபடும், அன்று மண்டபத்தைப் பூட்டிவிடலாம். ஒரு நாளுக்கு ஒருவருக்கு 3 பக்கம் என்றால் 40 பேருக்கு 12 நாளில் 1,440 பக்கம். மொத்தமாக அச்சிடாமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை அச்சிட்டால் சோடித் தேர்வின் முடிவுக்கு ஏற்ப மாற்ற இடமிருக்கும். ஒவ்வொரு நாளும் தனியே நிற்கும்படி பாடத்தை அமைத்தால், பதிவுக்குப் போய் ஒரு நாள் தவறவிட்டவர் மறுநாள் தலைநிமிர்ந்து வருவார்.

ஒரு மணித்தியாலத்தை வெளியே செலவழிக்கலாம். பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கி பௌத்தாலோக மாவத்தையால் தும்முல்லைக்கு நடந்து, கொழும்புப் பல்கலைக்கழகப் பக்கம் போய்த் திரும்பினால், வெளியூர்ப் பிள்ளைகளுக்கு முதல் நாள் பயத்தில் பாதி குறையும். போகிற வழியில் சீ.ஆர். கொப்பி விற்கும் கடையும் காட்டுங்கள்.

நான்காம் வாரம்

சான்றிதழ் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் சான்றிதழுக்காக வருகிறவர் வருவார், கொப்பி வெறுமையாக இருக்கும். அந்தச் செலவை செமஸ்டரின் நான்காம் வாரச் சனிக்கிழமை இரண்டு மணித்தியாலச் சந்திப்புக்கு வையுங்கள். அமைப்பாளர் மூன்று பொருள் மட்டும் கேட்கவேண்டும்: சீ.ஆர். கொப்பி, அந்த வாரத்து விரிவுரைக் குறிப்பு ஒன்று, செய்த ரியூட் தாள் ஒன்று. கொப்பி 180ஆம் சொல்லில் நின்றிருந்தால் வகுப்பு 12ஆம் நாளோடு முடிந்துவிட்டது என்று பொருள். 181ஆவது சொல் மாணவரின் சொந்தக் கையெழுத்தில், விரிவுரையில் கேட்ட வாக்கியத்தோடு இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பின் இடப்பக்க வெற்றிடம் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். ரியூட் தாளில் விடை பிழைத்திருந்தால் பரவாயில்லை. தாளே இல்லாதவரை மேற்பார்வையாளர் ஒருவரோடு அன்றே உட்கார வைத்து, முதல் வினாவை எழுதத் தொடங்கச் சொல்லுங்கள்.